இரண்டு மூடிகள்

ஜப்பானிய வீட்டுக் குளியல் தொட்டிக்கு ஒரு மூடி உண்டு. ஃபுரோ ஃபுதா என்பார்கள். சில வீடுகளில் பாய் மாதிரி சுருட்டி வைக்கலாம், சில வீடுகளில் இரண்டு மூன்று பலகைகளாக இருக்கும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் நமக்கு இந்த மூடியின் அவசியம் சட்டென்று புரியாது. நம் தண்ணீர் தலையில் விழுந்ததும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. ஃபுரோவில் தண்ணீர் அங்கேயே இருக்கும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, சோப்பு போட்டு, உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். அதே வெந்நீரில் வீட்டில் உள்ளவர்கள் ஒருவர்பின் ஒருவராக அமிழ்ந்து எழுவார்கள். ஒருவர் எழுந்து அடுத்தவர் வருவதற்குள் சூடு ஆறிவிடக் கூடாது என்பதற்குத்தான் மூடி.

ஆக, இரண்டு விதிகள். கழுவிவிட்டு இறங்கு. ஏறியதும் மூடு.

1960களில் கலிஃபோர்னியாவில் சிலர் பழைய ஒயின் பீப்பாய்களையும் ரெட்வுட் மரத்தால் ஆன தண்ணீர்த் தொட்டிகளையும் கொல்லைப்புறத்தில் வைத்து, வெந்நீர் நிரப்பி, கூட்டமாக இறங்கி உட்கார ஆரம்பித்தார்கள். ஃபுரோதான் முன்மாதிரி. சாண்டா பார்பரா பக்கம் இது சீக்கிரமே ஒரு வாழ்க்கை முறையாகிவிட்டது. ஹாட் டப் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தொட்டி பசிபிக்கைக் கடந்து வந்துவிட்டது, ஆனா அதைச் சுற்றியிருந்த பழக்கங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு. ஃபுரோவின் தண்ணீரை அன்றன்றைக்கு மாற்றிவிடலாம். ஹாட் டப்பில் 1,500 லிட்டர் வரை இருக்கும், அதைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகச் சூடாக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. வடிகட்டி, மருந்து போட்டு, மூன்று நான்கு மாதங்களுக்கு அதே தண்ணீரை ஓட்டுவார்கள். பார்க்கக் குளியல் தொட்டி, நடைமுறையில் சின்ன நீச்சல் குளம்.

எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,500 லிட்டரில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 375 லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதே நெரிசலை அங்கே கொண்டுவர வேண்டுமானால் 6,600க்கும் மேற்பட்டவர்களை உள்ளே இறக்க வேண்டும்.

இந்த வெந்நீருக்குள் நுரையும் சுழலும் வந்த கதை விமானத்தில் தொடங்குகிறது. வட இத்தாலியின் காஸார்ஸா என்ற ஊரிலிருந்து அமெரிக்கா போன ஜக்கூஸி சகோதரர்கள் ஏழு பேர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் விமானங்களுக்கு மரத்தில் சுழல்விசிறி செய்தார்கள், பிறகு மூடிய அறை கொண்ட ஒரு விமானத்தையே செய்தார்கள். 1921இல் அது விழுந்து நொறுங்கியதில் சகோதரர்களில் ஒருவரான ஜொகோண்டோ இறந்துபோனார். குடும்பம் விமானத்தை விட்டுவிட்டு பம்ப்புக்கு வந்தது. ஆழ்கிணற்றிலிருந்து விவசாயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஜெட் பம்ப். நம்ம ஊரில் போர் போட்ட பல வீடுகளில் இருக்கும் அதே வகையறாதான்: குறுகலான துளை வழியாகத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால் அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவு பக்கத்தில் இருப்பதை உள்ளே இழுக்கும். கிணற்றில் அது தண்ணீரை இழுக்கிறது. ஹாட் டப்பின் ஜெட்டில் காற்றை இழுக்கிறது. முதுகில் வந்து மோதும் அந்த நுரை வேறொன்றும் இல்லை.

சகோதரர்களில் கடைக்குட்டியான கேண்டிடோவின் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே முடக்குவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர்ச் சிகிச்சை பலன் தந்தது. அதை வீட்டிலேயே செய்ய முடியாதா என்று யோசித்த அப்பா, வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் ஒரு பம்ப்பைச் செய்தார். 1950களின் நடுவில் அது மருத்துவச் சாதனமாக விற்பனைக்கு வந்தது. 1968இல் பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி, ஜெட்டுகளைத் தொட்டியின் சுவருக்குள்ளேயே பதித்தார். குடும்பப் பெயர் பொருளின் பெயராயிற்று. நோயாளிக் குழந்தையின் வலிக்காகச் செய்த சாதனம் இன்று தேனிலவு அறைகளின் விளம்பரத்தில் ரோஜா இதழ்களோடு வருகிறது.

1970களில் மரப் பீப்பாயும் ஜக்கூஸியின் பம்ப்பும் ஒன்று சேர்ந்தன. மரத்துக்குப் பதில் ஃபைபர் கிளாஸ் வந்தது, பிறகு அக்ரிலிக். இப்போது தொட்டியில் சூடு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, இழுவிசை இருக்கிறது. விற்பவர்களிடம் பாதுகாப்பு விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் தெரியவந்தது சூடுதான். 1979இல் ஹாட் டப்புகளில் நிகழ்ந்த சில மரணங்களின் செய்திகள் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு வந்தன. தண்ணீர் சுமார் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் கத்திரி வெயிலை நினைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு சூடா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வெயிலில் நமக்கு வியர்க்கிறது, வியர்வை காய்கிறது, உடம்பு குளிர்கிறது. கழுத்தளவு வெந்நீரில் வியர்வை காய வழியே இல்லை. உடலைவிடச் சூடான தண்ணீர் சுற்றிலும் இருந்தால் வெப்பம் ஒரே திசையில்தான் போகும், உள்ளே. தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், கண் சொக்கும். அந்தச் சொக்கலைச் சுகம் என்று நினைத்து அப்படியே சாய்ந்தால் மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். குடித்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

1987இல் அந்த ஆணையத்தின் பங்களிப்போடு வெப்பக் கட்டுப்பாட்டுக்கான விதிகள் உருவாயின: 104 டிகிரி, அதாவது 40 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டக் கூடாது. இன்றைய ஹாட் டப்புகளின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பொதுவாக 104க்கு மேல் ஏறாததற்கு இதுதான் பின்னணி. கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையும் அதே ஆணையம் சொன்னதுதான், டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் ஹாட் டப்பைப் பயன்படுத்தியவர்களின் குழந்தைகளுக்கு நரம்புக்குழல் குறைபாடு கூடுதலாக வருவதாக 1992இல் ஓர் ஆய்வும் வந்தது.

இனி மேல் மூடி. அமெரிக்காவிலும் அது வந்தது ஜப்பானில் வந்த அதே காரணத்துக்காக, சூட்டைக் காப்பாற்ற. திறந்த வெந்நீர் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியோடு போகிறது. 40 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். அந்த ஒரு லிட்டர் போனால், மிச்சமுள்ள 1,500 லிட்டரும் கிட்டத்தட்ட 0.4 டிகிரி ஆறிவிடும். பத்து லிட்டர் போனால் நான்கு டிகிரி. குளிர்காற்று வீசும் இரவில் பத்து லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய அமெரிக்காவில் கரண்ட் பில்லைப் பார்த்தவர்களுக்கு மூடியின் அருமை தெரிந்திருக்கும்.

அந்த மூடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள், தெர்மாகோல். அதைச் சுற்றி நீராவி புகாதபடி ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ரெக்ஸின் மாதிரி தடித்த வினைல். நடுவில் புத்தகம் போல மடியும். மழைநீர் ஓடிவிட வேண்டும் என்பதற்காக நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். நாலு மூலையிலும் வார்கள், பூட்டு.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1980 முதல் ஹாட் டப்புகளிலும் ஸ்பா தொட்டிகளிலும் 700க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருப்பதாக ஆணையம் தன் எச்சரிக்கைக் குறிப்பொன்றில் சொன்னது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூழ்கியது. முன்பு விற்ற சில மூடிகள் இதற்கு உதவவும் செய்தன என்பதுதான் கொடுமை. தண்ணீர்மேல் மிதக்கும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு சூட்டை நன்றாகவே காக்கும். ஆனால் குழந்தை அதைத் தரை என்று நினைத்துக் கால் வைக்கும். விரிப்பு வழிவிடும், குழந்தை உள்ளே போனதும் மறுபடி மூடிக்கொள்ளும். தேடி வருபவர்களின் கண்ணுக்கு மூடிய தொட்டிதான் தெரியும், அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். பாதி மட்டும் திறந்து வைத்த மூடியிலும் இதே ஆபத்து உண்டு. திறந்தால் முழுசா எடுத்துவிட வேண்டும், மூடினால் பூட்ட வேண்டும். இடைப்பட்ட நிலை கூடாது.

1991இல் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம், எஃப் 1346 என்ற தரநிலையை வெளியிட்டது. எது பாதுகாப்பு மூடி, எது வெறும் போர்வை என்று பிரிக்கும் ஆவணம். தரநிலைகளைப் படிப்பது என் தொழிலில் தவிர்க்க முடியாத தண்டனை. பெரும்பாலும் தூக்கம் வரும். இதில் ஓர் இடம் தூங்கவிடவில்லை. எட்டு அடிக்கு மேல் அகலமுள்ள குளத்தின் மூடி 485 பவுண்டு தாங்க வேண்டும், சுமார் 220 கிலோ. ஏன் 485? அது இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தையின் எடை. குழந்தை மூடிமேல் போய்விட்டது, காப்பாற்ற இரண்டு பேர் ஏறுகிறார்கள், அப்போதும் மூடி உடையக் கூடாது. எட்டு அடிக்குள் இருக்கும் தொட்டிக்கு 275 பவுண்டு: ஒரு குழந்தை, ஒரு பெரியவர். ஓரத்தில் குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி விழக் கூடாது. மேலே மழைநீர் குட்டையாகத் தேங்கக் கூடாது, ஏனென்றால் தவழும் குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். எண்களால் எழுதப்பட்ட ஒரு காட்சி அது. யாரோ அதைக் கண்முன் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தெர்மாகோல் நிரந்தரமில்லை. அடியிலிருந்து ஓயாமல் வரும் நீராவி எங்கோ ஒரு தையல் ஓட்டையைக் கண்டுபிடித்து உறைக்குள் புகுந்துவிடும். தெர்மாகோல் மெல்ல மெல்ல நீரைக் குடிக்கும். வாங்கியபோது ஒருத்தர் தூக்கிய மூடி, சில வருடங்களில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனம் ஆகிவிடும். நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிற்கும். ஈரமான தெர்மாகோல் சூட்டையும் காக்காது. கனமாக இருப்பதால் வீட்டுக்காரர்கள் அதைச் சரியாகப் போடுவதைத் தவிர்க்க ஆரம்பிப்பார்கள், வார் பூட்டுவதை முதலில் விடுவார்கள்.

மேல் மூடியாவது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு மூடி தொட்டியின் அடியில், பம்ப் தண்ணீரை உறிஞ்சும் துளையின் வாயில் இருக்கிறது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் சல்லடை. நுரை பொங்கும்போது அது இருக்கும் இடமே தெரியாது.

அந்தத் துளையை உடம்பு முழுசாக அடைத்துவிட்டால் என்ன ஆகும்? பம்ப்புக்குத் தண்ணீர் வராது, ஆனால் அது இழுப்பதை நிறுத்தாது. துளைக்குள் வெற்றிடம் உருவாகும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, பாதி வளிமண்டல அழுத்தம் அளவுக்கு வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 314 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொன்றின் மீதும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 160 கிலோ எடையைத் தூக்கும் விசை.

2002 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு விருந்துக்குப் போயிருந்த வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி அங்கிருந்த ஹாட் டப்பின் அடித்துளையில் சிக்கிக்கொண்டாள். நன்றாக நீந்தத் தெரிந்தவள். அம்மா நான்ஸி பேக்கர் குதித்து இழுத்தார், வரவில்லை. கடைசியில் இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்த வேகத்தில் அடிமூடியே உடைந்த பிறகுதான் அவளை வெளியே எடுக்க முடிந்தது. உயிர் இல்லை. அந்த நேரத்தில் தேவைப்பட்டது பலம் அல்ல, பம்ப்பின் சுவிட்ச். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் போதும்.

கிரேம், முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன். அவளுக்கு முன்பும் இந்தத் துளைகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், குடல் பறிபோயிருக்கிறது, நீளமான கூந்தல் சிக்கித் தலை நீருக்கடியில் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் குரல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கதவுவரை போய்ச் சேரவில்லை. நான்ஸி பேக்கரால் உள்ளே போய்ச் சாட்சியம் சொல்ல முடிந்தது. அப்படியிருந்தும் ஐந்தரை ஆண்டுகள் ஆயின. 2007 டிசம்பர் 19 அன்று புஷ் கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம் ஒன்றின் உள்ளே, கார்களின் மைலேஜுக்கும் குண்டு பல்புகளின் எதிர்காலத்துக்கும் நடுவில், ஓர் அத்தியாயமாக அவள் பெயரிலான சட்டம் நிறைவேறியது. உடம்பு சிக்குவதைத் தடுக்கும்படி சோதித்துச் சான்றளித்த அடிமூடிகளை மட்டுமே விற்க வேண்டும். பொதுக் குளங்களிலும் ஸ்பாக்களிலும் அவற்றைப் பொருத்தியே ஆக வேண்டும். ஒற்றைத் துளை மட்டும் உள்ள இடத்தில், வெற்றிடத்தை உணர்ந்து பம்ப்பை நிறுத்தும் கருவி போன்ற இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். ஒன்று தவறினால் இன்னொன்று என்ற இந்த ஏற்பாடு சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், 2011இல் சுமார் 10 லட்சம் அடிமூடிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எவ்வளவு வேகமான நீரோட்டத்துக்கு அவை தாங்கும் என்று தவறாக மதிப்பிட்டிருந்தார்கள். சான்றிதழ் இருந்தது, மூடி சரியில்லை.

இந்த இரண்டு மூடிகளாலும் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. 1999இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு பெரிய மலர்க் கண்காட்சி நடந்தது. அதன் விற்பனைக் கூடத்தில் சுழல்நீர்த் தொட்டிகளைத் தண்ணீர் நிரப்பி, சூடாக்கி, நுரை பொங்க ஓடவிட்டிருந்தார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை. மூடியைத் திறந்து வைத்தது வேடிக்கை காட்டத்தான். பூ பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள். சில நாட்களில் கடும் நிமோனியா. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, சுமார் 30 பேர் இறந்துபோனார்கள். கண்காட்சியில் வேலை செய்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, தொட்டிக்கு எவ்வளவு அருகில் நின்றார்களோ அந்த அளவுக்கு எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது.

காரணம் லெஜியோனெல்லா பாக்டீரியா. 1976இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய பிறகுதான் அது முதலில் அடையாளம் காணப்பட்டது, பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே. அது செழிப்பது 25 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில். மனிதனுக்கு இதமான 40 டிகிரி அதற்கும் இதமே. தண்ணீரைக் குடிப்பதால் பொதுவாக வருவதில்லை. நுரைக்குமிழி உடையும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன, அதுதான் வழி. ஜக்கூஸி சேர்த்த நுரை ஒரு நல்ல தெளிப்பானும்கூட. 2019இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பொருட்காட்சியிலும் இதே கதை திரும்ப நடந்தது: காட்சிக்கு வைத்த ஹாட் டப்புகள், 130க்கும் மேற்பட்ட நோயாளிகள், நான்கு மரணங்கள். இருபது வருடம் கழித்து.

இங்கே மேல் மூடியின் வேலை இரண்டுபட்டது. வெயிலில் குளோரின் சிதைவதை மூடி தடுக்கும், தூசியையும் இலையையும் தடுக்கும், அது நல்லது. ஆனால் மூடிய தண்ணீரை மறந்துவிடலாம். இரண்டு வாரம் யாரும் திறக்காத தொட்டியில் மருந்து தீர்ந்துபோயிருக்கும், சூடு மட்டும் தெர்மாகோலின் தயவில் பத்திரமாக இருக்கும், குழாய்களின் உட்சுவரில் வழவழப்பான படலம் வளர்ந்திருக்கும். ஜெட்டை ஆன் செய்த முதல் நிமிடத்தில் அத்தனையும் வெளியே வரும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லும் அளவு: குளோரின் குறைந்தது 3 பிபிஎம், அல்லது புரோமின் 4 முதல் 8, பிஹெச் 7.0 முதல் 7.8. பிஹெச் ஏறினால் அதே குளோரின் பாதி சோம்பேறியாகிவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சூடும் நுரையும் குளோரினை வேகமாகத் தின்கின்றன, ஒவ்வொரு குளியலுக்கு முன்பும் பார்ப்பது நல்லது. நிறைய மருந்து போட்ட கையோடு மூடியும் போட்டுவிடக் கூடாது. வாயு உள்ளேயே தேங்கி வினைலை அரிக்கும், அடுத்துத் திறப்பவரின் முகத்தில் அடிக்கும். சிறிது நேரம் திறந்து வைத்து ஜெட்டை ஓடவிட வேண்டும், பக்கத்தில் ஆள் காவலோடு.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, காரணம் அங்கே பெரும்பகுதி ஏற்கெனவே ஒருவர் யோசித்துவிட்டார். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல், மனித உடல் தாங்கும் மின்னோட்டத்தை அளந்துவிட்டு, 1961இல் ஒரு கருவியைச் செய்தார். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சில மில்லி ஆம்பியர் மாறினாலே இணைப்பைத் துண்டிக்கும். ஜக்கூஸி குடும்பம் குடியேறிய அதே ஊர். நம் வீட்டு ஆர்சிசிபியும் இதே தத்துவம்தான், 30 மில்லி ஆம்பியரில் விழும். ஹாட் டப் வைத்தவர் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஹாட் டப்பைச் சொந்தமாக வாங்குபவர்கள் நம்மில் குறைவு. வாடகைக்குக் கிடைக்கிறது: மலை வாசஸ்தலத்து வில்லா, மொட்டை மாடி, ‘பிரைவேட் ஜக்கூஸி’ என்ற வரி. அங்கே போகிறவர் கையில் எடுத்துப்போக வேண்டியது குளோரினும் பிஹெச்சும் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப். முதலில் பம்ப்பின் சுவிட்ச் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மூடியை முழுசாக எடுத்து, ஜெட்டை ஆன் செய்யாமல், தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே அடியில் சல்லடை இருக்கிறதா, விரிசல் இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அது உடைந்திருந்தால் பேச்சே இல்லை, யாரும் இறங்கக் கூடாது. கூந்தலைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளலாம், சோப்பு போட்டு ஒரு குளியல் குளித்துவிட்டு வரலாம். ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து, நிறத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குளோரின் கட்டம் வெள்ளையாகவே இருந்தால் மூடியைத் திரும்பப் போட்டு, நாலு வாரையும் பூட்டிவிட்டு, கீழே போய் வீட்டுக்காரருக்கு போன் செய்யலாம்.